சுண்ணாம்புச் சுவரும் பர்மாத் தேக்கும்: ஒரு புதுப்பிப்புக் குழுவின் வேலை
காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பாட்டனார் வீட்டை, முகப்பும் வளவும் முற்றமும் மாறாமல் புதுப்பித்துத் தருவதற்காக உள்ளூர்க் குழு ஒன்றை அமர்த்தியிருந்தோம். இடைக்காலத்தில் யாரோ பூசிவிட்டிருந்த சிமென்ட், ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்ததால் சுவர்கள் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பூச்சைப் பொறுமையாகக் கொத்தியெடுத்து, ஊறவைத்த சுண்ணாம்புடன் மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரும் சேர்த்து அரைத்துப் பல அடுக்குகளாகப் பூசி, இறுதி அடுக்கில் முட்டை வெண்கரு கலந்து தேய்த்து மெருகேற்றிய விதம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஒவ்வோர் அடுக்கையும் உலரவிட்டதால் மூன்று மாத வேலை ஏழு மாதமாக நீண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை.

தரையில் உடைந்த இடங்களுக்கு, கண்ணாடியின்மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கற்களையே பதித்தார்கள். புதிய சிவப்பு பழையதோடு முழுமையாக ஒட்டவில்லை. நடக்க நடக்க மங்கிச் சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஆனால் எங்களைக் கேட்காமலேயே பர்மாத் தேக்குத் தூண்களுக்குப் பளபளக்கும் வார்னிஷ் அடித்ததை ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு வேலைக்கு இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். மர வேலைக்கு ஓர் ஆசாரியைத் தனியே அமர்த்திக்கொள்வது நல்லது.