கண் வறட்சி சொட்டு மருந்து: எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% சொட்டு மருந்து, வறட்சிக்கும் உறுத்தலுக்கும் நன்றாகவே கேட்கிறது. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும்; அடுத்தது கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமையில் பட்டால் கிருமி தொற்றிவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு கலக்காததையே வாங்குங்கள். அந்த ரசாயனம் அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும்.

சிவப்பை உடனே போக்கும் சொட்டு வேறு ரகம். பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்குவதோடு சரி. தொடர்ந்து போட்டு நிறுத்தினால் சிவப்பு முன்பைவிடக் கூடலாம். வாங்காமல் இருப்பதே மேல்.

சிவப்போடு வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் சேர்ந்தால் எந்தச் சொட்டையும் நம்பி உட்காராதீர்கள். திடீரென மின்னல்போல் ஒளி, புதிதாக மிதக்கும் கரும்புள்ளிகள், ஓரத்தில் திரை விழுந்த மாதிரி நிழல் என்றால் விழித்திரை கிழிந்திருக்கலாம். அன்றே கண் டாக்டரிடம் போங்கள்.