உத்யம் பதிவு: குன்னூர் வர்க்கி அடுப்படியிலிருந்து

ஓட்டுப்பட்டறையில் வீட்டை ஒட்டியே விறகு அடுப்பு வைத்து வர்க்கி போடுகிறோம். மாமனார் காலத்து அடுப்பு. போன வருஷம் மாவு பிசையும் மெஷினுக்காக வங்கியில் கடன் கேட்டுப் போனேன். “உத்யம் சான்றிதழ் இருக்காம்மா?” என்றுதான் முதலில் கேட்டார்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் செய்கிறவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் இணையப் பதிவுதான் உத்யம். அப்படித்தான் இந்தப் பதிவுக்குள் வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. ஒரு தாளைக்கூட ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டாம். ஆதாரும் பான் எண்ணும் போதும். முதலீடு எவ்வளவு, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் நாம் சொல்வதுதான் கணக்கு. 2020 ஜூலை 1 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது, புதுப்பிக்கும் வேலையும் இல்லை. ஒரு கையெழுத்துக்காக மாமனார் நாள் கணக்கில் அலைந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கு இது பெரிய விஷயம்.

எனக்குச் சிக்கல் ஓடிபியில் வந்தது. என் ஆதாரில் இருந்தது கணவரின் செல் நம்பர். நவம்பர் மழை, அவரோ சரக்குப் போட ஊட்டி மார்க்கெட்டில். அவர் போனை எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன், அதுவும் போச்சு. மூன்றாவது முறை அவர் கடை வாசலில் நின்று ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்ல, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நான் தட்டினேன். அதற்குப் பிறகு சுமார் இருபது நிமிஷ வேலைதான். தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் மட்டும் திணறினேன். ஊட்டி வர்க்கிக்கு 2023-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனால் இந்தப் பட்டியலில் வர்க்கி என்று தேடக் கூடாது. 1071, பேக்கரிப் பொருட்கள் என்று இருக்கும்.

எங்கள் பக்கத்தில் சாக்லேட் செய்யும் அக்கா இதே பதிவுக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். கேட்டதும் வயிறு எரிந்தது. இணையத்தில் தேடினாலும் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் பக்கங்கள் வருகின்றன. முகவரி gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். இலவசமானது இலவசம் என்று தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் வாசலிலும் அரசு எழுதி வைக்க வேண்டும்.

இன்னொரு குறை. உணவுப் பாதுகாப்புப் பதிவை 2021-ல் வருஷத்துக்கு 100 ரூபாய் வீதம் ஐந்து வருஷத்துக்குக் கட்டி வாங்கினேன். அதற்குக் கொடுத்த அதே பெயர், அதே முகவரி, அதே அடையாள அட்டை விவரத்தை உத்யமில் மறுபடி முதலிலிருந்து தட்டினேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடுவது தனி வேலை. முத்திரையும் பாக்கெட்டில் எடை, விலை, தேதி அச்சிடுவதும் வாங்குகிறவருக்கு நல்லது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, பல சின்னத் தவறுகளுக்கு இருந்த ஜெயில் தண்டனையை எடுத்தது. அதையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒரு துறைக்குச் சொன்னதை இன்னொரு துறை கேட்டு வாங்கிக்கொண்டால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பொழுது மிஞ்சும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். பதிவு செய்யப் போகிறவர்கள் முதலில் ஆதாரில் உங்கள் சொந்த நம்பரைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் மழை விட்டு, சிக்னல் நன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.