மலை வீட்டுக்கு ஒன்று, கீழ் வீட்டுக்கு ஒன்று: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஓர் அலசல்

அக்கா வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். என் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். 2021 பிப்ரவரி 25ஆம் தேதி, கொரோனாவால் பரீட்சை இல்லாமலே, ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு ஆல் பாஸ் என்று அறிவிப்பு வந்த அன்றே அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பத்தாவது பாஸாயிட்டேன். நீங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

நானூறுக்கு மேல் எடுத்தால் கன்சோல் (டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டி) வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பரீட்சையே நடக்காமல் போனது அவன் தப்பில்லை. வருஷம் முழுக்க சிக்னல் தேடி மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்ட பையன் அவன். வாங்கித் தருவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதற்குத்தான் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நண்பன் வீட்டு பிஎஸ்5இல், அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5இல், பல இரவுகள் ஆடினேன். கூட வேலை பார்ப்பவரின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை, மைக்ரோசாஃப்டின் பெட்டியை, ஒரு வார இறுதி முழுக்க ஓட்டிப் பார்த்தேன். முடிவில் அவனுக்கு வாங்கியது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். எனக்கு வாங்கப்போவது பிஎஸ்5. ஒரே ஆள் இரண்டு வீட்டுக்கு இரண்டு விடை சொல்வதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் 2021 ஏப்ரல் நிலவரம்.

முதலில் விலை. எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 2020 நவம்பர் 10ஆம் தேதி உலகத்தோடு சேர்ந்து இங்கேயும் வந்தன. அப்போது சீரிஸ் எக்ஸ் 49,990 ரூபாய், சீரிஸ் எஸ் 34,990. பிஎஸ்5 மற்ற நாடுகளில் அதே நவம்பரில் வந்துவிட்டது. நமக்கு வந்தது 2021 பிப்ரவரி 2ஆம் தேதிதான். அன்றைக்கு டிஸ்க் போடும் மாடல் 49,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990. ஜனவரி 12ஆம் தேதி முன்பதிவு திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்து போனது. அதன் பிறகு சேலத்தில் ஒரு கடையில் விசாரித்தபோது 49,990 ரூபாய்ப் பெட்டிக்கு 68,000 கேட்டார்கள். அந்த விலைக்கு எந்தக் கன்சோலையும் வாங்காதீர்கள். இரண்டு கம்பெனிக்கும் சிப் வடிவமைப்பது ஏஎம்டி, அச்சடித்துத் தருவது தைவானின் டிஎஸ்எம்சி. 2021இல் உலகமே சிப் கிடைக்காமல் தவித்தது. காத்திருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடுத்து எல்லோரும் சண்டை போடும் டெராஃப்ளாப்ஸ் கணக்கு, அதாவது படம் வரையும் சிப்பின் வேகம். சீரிஸ் எக்ஸ் 12, பிஎஸ்5 10.28, சீரிஸ் எஸ் 4. தகவலை இழுக்கும் வேகத்தில் நிலைமை தலைகீழ்: பிஎஸ்5இன் எஸ்எஸ்டி (கேம்களைச் சேமித்து வைக்கும் பாகம்) நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸ் 2.4 ஜிபி. நண்பன் வீட்டு 4கே டிவியில் ஒரே கேமை பிஎஸ்5இலும் சீரிஸ் எக்ஸிலும் ஓட்டிப் பார்த்தோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சீரிஸ் எஸ் மட்டும் தனி ரகம். அது 4கேயைவிடத் தெளிவு குறைந்த 1440பி படத்தை நோக்கிச் செய்யப்பட்டது; 4கே டிவியில் கொஞ்சம் மங்கல் தெரியும். அக்கா வீட்டில் இருப்பது 32 இன்ச் டிவி. அதில் 12 டெராஃப்ளாப்ஸைப் போட்டு என்ன செய்வது?

நெட்தான் முதல் கேள்வி

இன்றைக்கு ஒரு பெரிய கேம் 100 ஜிபியைத் தொடுகிறது. சேலத்தில் என் வீட்டு ஃபைபர் 100 எம்பிபிஎஸ். 100 ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம். சாப்பிட்டுவிட்டு வந்தால் முடிந்திருக்கும். அக்கா வீட்டில் நெட் என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட். பனி மூட்டம் இல்லாத நாளில் 4 எம்பிபிஎஸ் வந்தால் அதிகம். அந்த வேகத்தில் அதே கேமுக்கு 55 மணி நேரம் ஆகும். அதுவும் டேட்டா தீராமல் இருந்தால். நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் வேறு எதற்கும் தொடாமல் மிச்சம் பிடித்தாலும் 67 நாள். "ஏன் மாமா, கீழ உங்க வீட்டுல இருந்தா எவ்ளோ நேரத்துல இறங்கும்?" என்று அவன் கேட்ட பிறகுதான் இந்தக் கணக்கையே போட்டேன்.

அப்படியானால் டிஸ்க் உள்ள பிஎஸ்5தானே மலைக்குச் சரி என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதன் டிஸ்க்கில் 100 ஜிபி வரை கொள்ளும். போட்டால் டிஸ்க்கிலிருந்தே ஏறிவிடும். பிறகு வரும் அப்டேட்டுகளை மட்டும் எப்படியாவது இறக்கிக்கொண்டால் போதும். நல்ல யோசனைதான், டிஸ்க்கின் விலையைப் பார்க்கும் வரை. அப்போது டீமன்ஸ் சோல்ஸ் என்ற கேம் 4,999 ரூபாய். ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ் 3,999. பத்தாவது முடித்த பையனுக்கு வருஷத்துக்கு எத்தனை டிஸ்க் வாங்கித் தர முடியும்? இரண்டு. இரண்டு கேமை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும்.

சீரிஸ் எஸ் இங்கேதான் வேறு வழி காட்டியது. அதன் எடை 1.93 கிலோ. பள்ளிக்கூடப் பையில் இரண்டு நோட்டோடு சேர்த்து வைக்கலாம். பிஎஸ்5 நாலரைக் கிலோ, 39 சென்டிமீட்டர் உயரம். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வளைவுகளில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சீரிஸ் எஸ் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவனோடு கீழே இறங்கி வருகிறது. என் வீட்டில் இரவு முழுக்க நெட்டில் கிடக்கிறது. மூன்று, நான்கு கேம்களை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை மலை ஏறிவிடுகிறது.

வாடகை நூலகம் மாதிரி கேம்களைத் தரும் கேம் பாஸ் இல்லாவிட்டால் இந்த ஏற்பாட்டில் அர்த்தமே இல்லை. 2021இல் அதன் அல்டிமேட் சந்தா மாதம் 699 ரூபாய். இறக்கி வைத்த கேம்கள் வேலை செய்ய எந்நேரமும் நெட் தேவையில்லை. அந்தப் பெட்டியை அவனுடைய கணக்கில் ஹோம் எக்ஸ்பாக்ஸாகப் பதிந்து வைத்தால் 30 நாள் வரை நெட் இல்லாமலே ஓடும். அதற்குள் ஒரு முறை ஹாட்ஸ்பாட்டில் தொட்டுவிட்டால் போதும். ஆனால் பெட்டியைப் பிரித்து முதல் முறை அமைக்கும்போது நெட் கட்டாயம். மலையில் இருப்பவர்கள் அந்த வேலையை ஊரில் நல்ல நெட் உள்ள இடத்தில் முடித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

இடப்பற்றாக்குறை உண்மையான குறை. 512 ஜிபி என்று சொல்கிறார்கள், கைக்குக் கிடைப்பது 364. பெரிய கேம் நான்கைந்து போட்டால் நிறைந்துவிடும். கூடுதல் இடத்துக்கென்று விற்கும் தனிக் கார்டின் அமெரிக்க விலையே அப்போது 220 டாலர். அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தால் அதுவே உதவும். புதிய தலைமுறைக் கேம்கள் அதிலிருந்து நேராக ஓடாது, ஆனால் பத்திரமாகக் கிடக்கும். வேண்டும்போது உள்ளே எடுத்துக்கொள்ளலாம். 50 ஜிபி கேமுக்குப் பத்து நிமிஷ வேலை. பிஎஸ்5இல் இந்த வசதி 2021 ஏப்ரல் 14ஆம் தேதி அப்டேட்டில்தான் வந்தது. அதன் வயிற்றுக்குள் இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறது, ஆனால் அந்த ஏப்ரல் வரை சோனி அதைத் திறந்துவிடவில்லை.

கரண்ட், வெயில், இடி

கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். சீரிஸ் எஸ் 80 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டரில் ஒரு வீடே ஓடும் இடத்தில் இது பெரிய வித்தியாசம். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்தக் கணத்திலேயே கன்சோல் அணைந்துவிடும்.

எக்ஸ்பாக்ஸின் குவிக் ரெஸ்யூம் எனக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான். ஆடிக்கொண்டிருந்த கேமை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகலாம், திரும்பி வந்தால் விட்ட இடம். அந்த நிலை எஸ்எஸ்டியில் எழுதப்படுவதால் பிளக்கைப் பிடுங்கினாலும் அழியாது. ஆடிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் இது காப்பாற்றாது. ஆனால் இடி கேட்டதும் கன்சோலை உறங்கப் போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கி வைக்கும் வீட்டில் இதன் அருமை புரியும். ஏப்ரல், மே கோடை மழையில் ஏற்காட்டில் இடி எப்படி இறங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேன் வயர் போட்டிருந்தால் அதையும் பிடுங்குங்கள்.

சேலத்துப் பிரச்சினை வெயில். பிஎஸ்5 ஓடுவதற்கு சோனி சொல்லும் வெப்பம் 5 முதல் 35 டிகிரி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் என் வீட்டு மாடி அறை அதைச் சுலபமாகத் தாண்டும். நண்பன் வீட்டில் ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் போடுகிறார்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கதவு இல்லாத ஸ்டாண்டில். ஷோகேஸுக்குள் அடைத்து வைக்க எந்தக் கன்சோலும் ஆகாது. சீரிஸ் எக்ஸ் சூட்டை மேல் வழியாக விடுகிறது, அதன் தலையில் எதையும் வைக்கக்கூடாது. பிஎஸ்5இல் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்: பக்கத்து வெள்ளைத் தகடுகள் கையாலேயே கழன்றுவரும், உள்ளே தூசி சேரும் குழிகள் தனியாக இருக்கின்றன, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடலாம். அம்மாப்பேட்டைத் தூசிக்கு இது வேண்டும்.

கண்ட்ரோலர்

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு ஏன் பிஎஸ்5 என்று சொல்ல வேண்டும். அதன் கண்ட்ரோலரைக் கையில் பிடித்த அன்றே எனக்குத் தீர்மானமாகிவிட்டது. பிஎஸ்5இல் ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் என்ற கேம் கூடவே இலவசமாக வருகிறது. அந்தச் சின்ன ரோபோ மணலில் நடந்தால் உள்ளங்கையில் மணல் நெறநெறக்கிறது. தகரத்தில் நடந்தால் வேறு அதிர்வு, பனிக்கட்டியில் வழுக்கினால் வேறு. ஓரிடத்தில் மழை பெய்கிறது. துளித்துளியாக, கை முழுக்க, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் விழுகிற மாதிரி. சின்ன வயதில் லீவுக்கு மலைக்குப் போனால் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி, முதல் மழை விழும்போது சுவரில் கை வைத்துப் பார்ப்போம். அந்த அதிர்வு அப்படியே வந்தது. முப்பது வருஷமாகக் கேம் ஆடுகிறேன், கைக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை. விரல் வைக்கும் டிரிக்கர் தேவைக்கேற்ப இறுகும். ஸ்பிரிங்கை அமுக்கினால் ஸ்பிரிங் மாதிரியே எதிர்க்கும்.

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் பழைய வடிவத்தின் மெருகேற்றிய பதிப்பு. பிடிக்க வாகாக இருக்கிறது, புதுமை என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஏஏ பேட்டரி போட வேண்டும். பலர் இதைக் குறை சொல்கிறார்கள், மலையில் அது வரம். தீர்ந்தால் பெட்டிக் கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பிஎஸ்5 கண்ட்ரோலர் தீர்ந்தால் சார்ஜரைத் தேட வேண்டும்.

கேம்களிலும் 2021 ஏப்ரலில் சோனியின் கைதான் ஓங்கியிருந்தது. டீமன்ஸ் சோல்ஸ், மைல்ஸ் மொராலஸ் இரண்டும் அதற்குள் வந்துவிட்டன, அடுத்து ஏப்ரல் 30ஆம் தேதி ரிட்டர்னல், ஜூன் 11ஆம் தேதி ராட்செட் அண்ட் கிளாங்க். எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஹேலோ இன்ஃபினிட் 2021க்குத் தள்ளிப்போனது. இந்தக் கன்சோலுக்கே என்று எழுதிய பெரிய கேம் ஒன்று அப்போது மைக்ரோசாஃப்டிடம் இருக்கவில்லை. அதற்குப் பதில் அவர்கள் கடையை நிரப்பினார்கள். மார்ச் 9ஆம் தேதி பெதஸ்டா என்ற கேம் கம்பெனியை வாங்கி முடித்தார்கள், மூன்றே நாளில் அவர்களுடைய 20 கேம்கள் கேம் பாஸில். அவுட்ரைடர்ஸ் ஏப்ரல் 1ஆம் தேதி வெளியான அன்றே அதில் வந்தது. பழைய மூன்று தலைமுறை எக்ஸ்பாக்ஸ் கேம்களில் பலவும் ஓடும். பிஎஸ்5 ஓட்டுவது பிஎஸ்4 கேம்களை மட்டும்தான், ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஓட்டும்.

எனக்கு அதுவே போதும். அலமாரியில் 14 பிஎஸ்4 டிஸ்க்குகள் இருக்கின்றன. நாங்கள் நண்பர்கள் நான்கு பேர், ஒருவர் வாங்கிய டிஸ்க் நான்கு வீட்டையும் சுற்றி வரும், முடிந்ததும் விற்று அடுத்ததில் போடுவோம். சேலத்தில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பிளேஸ்டேஷன் டிஸ்க் எளிதாகக் கிடைக்கிறது, எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கைக் கண்டுபிடிப்பதே பாடு. சீரிஸ் எக்ஸில் டிஸ்க் டிரைவ் இருந்தும் நம் ஊரில் அதற்குப் பெரிய பலன் இல்லை; அதே 49,990 ரூபாய்க்கு அதை வாங்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். நல்ல 4கே டிவியும் ஃபைபரும் இருந்து, முழுக்க கேம் பாஸையே நம்பப் போகிறவருக்கு அது நல்ல பெட்டி.

முதல் வருஷச் செலவை 2021 விலையில் கூட்டிப் பாருங்கள். சீரிஸ் எஸ்ஸும் ஒரு வருஷ அல்டிமேட் சந்தாவும் 43,378 ரூபாய். பிஎஸ்5உம் தலா 4,999 ரூபாய்க்கு இரண்டு புதிய டிஸ்க்கும் 59,988. சந்தாவை நிறுத்திய அன்றே அவன் கேம்கள் பூட்டிக்கொள்ளும் என்பதை அக்காவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். டிஸ்க் என்றால் நம் அலமாரியில் இருக்கும்.

சீரிஸ் எஸ் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. மற்ற இரண்டிலும் 16 ஜிபி மெமரி (ரேம்), இதில் 10. நான்கு வருஷம் கழித்து வரும் கேம்கள் இதில் திணறும் என்றே நினைக்கிறேன். அதற்குள் அவன் காலேஜுக்குப் போயிருப்பான், ஊரும் நெட்டும் வேறாக இருக்கும். நீங்கள் எட்டு வருஷத்துக்கு ஒரே பெட்டி என்று வாங்குகிறவரானால் சீரிஸ் எஸ் வேண்டாம்.

இதை எழுதும் 2021 ஏப்ரலில் இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு அடைப்பு. அதனால் அடுத்த முறை வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் இறங்கி வந்து வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஏறிவிடச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு மல்கோவா ஒரு கூடை வாங்கி வைத்திருக்கிறேன். அவன் இறக்க வேண்டிய பட்டியலில் முதலில் அவுட்ரைடர்ஸ்.