பழைய காரின் ஹீட்டர்: மாற்றுவதா, துண்டிப்பதா?

காலடி விரிப்பு நனைந்து, உள்ளே இனிப்பு வாடை அடித்து, முன்கண்ணாடியில் பிசுபிசுப்பு படிந்தால் பெரும்பாலும் ஹீட்டர் கோர்தான் (எஞ்சின் சூட்டால் காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது.

எஞ்சினிலிருந்து கோருக்குப் போய்வரும் இரு ரப்பர் குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் கசிவு அன்றே நிற்கும். குழாய்களை வெறுமனே அடைத்துவிடாதீர்கள். சில எஞ்சின்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சுழற்சிக்கே அந்தப் பாதை தேவை. இப்படிக் கோரைத் துண்டிப்பது வசதியான வழிதான், ஆனால் கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை விலக்கச் சூடான காற்று இருக்காது. குளிர்காலத்தில் ஓட்டுபவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கோரை மாற்றுவதோ பல வண்டிகளில் டாஷ்போர்டையே கழற்றும் வேலை. அவ்வளவு தூரம் பிரித்தபின் பழைய குழாய்களையும் கிளாம்புகளையும் அப்படியே விடுவது வீண். கூலன்ட் நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இல்லையெனில் புதிய கோரும் சூடாகாது.

குளிரில் ஓடும் வண்டி என்றால் மாற்றவே சொல்வேன். குழாய்களை இணைத்து ஓட்டுவது அதுவரைக்கும் மட்டும்.