நாட் இன்னா, நாட் எக்ஸிஸ்ட்ஸா?

ஒரு ஆர்டர்கூடப் போடாத வாடிக்கையாளர்கள் யார் யார்? இதற்கு டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் (SQL) பலரும் முதலில் எழுதுவது நாட் இன் (NOT IN), அதாவது ‘இந்தப் பட்டியலில் இல்லாதவை’. படிக்க எளிது, தட்டச்சும் குறைவு. ஆனால் ஆர்டர் டேபிளின் வாடிக்கையாளர் எண் நெடுவரிசையில் (‘காலம்’, column) ஒரே ஒரு நல் (NULL, மதிப்பே இல்லாத இடம்) இருந்தால் போதும், பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் பூஜ்ஜியம் வரிசை வந்து நிற்கும்.

நாட் இன் (1, 2, நல்) என்றால் டேட்டாபேஸ் அதை ‘1 அல்ல, 2 அல்ல, நல்லும் அல்ல’ என்று விரிக்கிறது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை ‘தெரியாது’தான். நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியோ ‘உண்மை’ என்று வருவதை மட்டுமே உள்ளே விடும். எனவே 3ஆம் எண் வாடிக்கையாளர் ஆர்டரே போடாதவராக இருந்தும் பட்டியலில் வரமாட்டார்.

நாட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) பொருந்தும் வரிசை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. நல் வரிசை யாரோடும் பொருந்தாது, அதனால் தொல்லையும் தராது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்குப் பெரும்பாலும் ஆன்டி ஜாயின் (பொருந்தாத வரிசைகளை மட்டும் எடுக்கும் வழி) திட்டம் கிடைப்பதால், பெரிய டேபிளில் வேகமும் கூடும்.

நாட் இன்னை விடமாட்டேன் என்பவர்கள் சப்கொயரியில் (உள்ளே எழுதும் கேள்வியில்) ‘இஸ் நாட் நல்’ சேர்க்கலாம். அப்போதும் இன்னொரு பொறி உண்டு: உள்ளே எழுதிய காலம் பெயர் ஆர்டர் டேபிளில் இல்லாமல் வெளி டேபிளில் இருந்தால், டேட்டாபேஸ் சத்தமில்லாமல் அதையே எடுத்துக்கொள்ளும். விடை மறுபடியும் பூஜ்ஜியம். காலம் பெயருக்கு முன் டேபிள் பெயரையும் எழுதினால் உடனே பிழை காட்டும்.

கையால் எழுதும் நிலையான மதிப்புகளுக்கு நாட் இன் போதும். சப்கொயரி வந்தால் என் ஓட்டு நாட் எக்ஸிஸ்ட்ஸுக்கே.