சேலம் வெயிலில் கன்சீலர்: ஒரு மெடிக்கல் ரெப்பின் அனுபவம்

யாருக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரு போன பிறகும் கன்னத்தில் கறை போகாத ஆண்கள், நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிறவர்கள், நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசிச் சம்பளம் வாங்குகிறவர்கள். நான் மெடிக்கல் ரெப். சேலம் டவுன், ஓமலூர், ஆத்தூர், அப்புறம் மாதாமாதம் ஏற்காடு. கொரோனா ஊரடங்கு தளர்ந்து மாஸ்க்கோடு வேலைக்குத் திரும்பியபோது, மாஸ்க் உரசிய இடமெல்லாம் பரு கிளம்பியது. பரு அடங்கிவிட்டது, கறை தங்கிவிட்டது. டின்டட் சன்ஸ்கிரீன், கறையை மறைக்கிற தோல் நிறப் பூச்சான கன்சீலர், வில்லையாக அழுத்தி வருகிற காம்பாக்ட் பவுடர் மூன்றும் என் காலை வேலையில் சேர்ந்தது அப்போதிலிருந்துதான். லிப்ஸ்டிக், ஐலைனர் எனக்குத் தேவைப்படவில்லை. போடுகிற ஆண்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பிராண்டு பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. என் நிறத்துக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது என்பதால் அதைச் சொல்லியும் பயனில்லை.

மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் எடுப்பது டின்டட் சன்ஸ்கிரீன். தோல் நிறம் கலந்தே வருகிற வகை அது. அதற்கு முன் சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டிருந்தேன். முகம் கருகுவது குறைந்தது, கறை மட்டும் அசையவில்லை. வழக்கமாகப் போய்ப் பார்க்கிற ஒரு தோல் டாக்டரிடம், என் மருந்து விவரத்தையெல்லாம் சொல்லி முடித்த கையோடு இதையும் கேட்டேன். மாநிறத்துக்கும் அதற்கு மேல் கறுத்த தோலுக்கும் புற ஊதாக் கதிர் மட்டும் பகை இல்லையாம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே கறையைக் கறுக்க வைக்குமாம். வெள்ளை சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. நிறம் கலந்ததில் இருக்கிற அயர்ன் ஆக்சைடு, அதாவது சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறமிகள், தடுக்கும். ஆக, ‘அது மேக்கப்புங்க’ என்று கடையில் ஒதுக்கி வைக்கிற அந்த நிறம்தான் இங்கே மருந்து வேலை பார்க்கிறது. நாலைந்து மாதத்தில் இடது கன்னத்துக் கறை பாதிக்கு மேல் மங்கியது. முழுசாகப் போகவில்லை. முழுசாகப் போகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ட்யூபில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கிற எண், வெயில் தடுப்பின் அளவு. அது 30 என்றால் புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுபடும், 50 என்றால் சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, 30-ஐயே தாராளமாகப் போடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும் என்பது கணக்கு. டின்டட் வகையில் அவ்வளவையும் ஒரே தடவையில் அப்பினால் முகம் சுவர் பூசியது மாதிரி ஆகிவிடும். பாதியைப் போட்டு, அது காய்ந்த பிறகு மீதியைப் போடுகிறேன்.

இப்போது சேலம் வெயிலுக்கு வருவோம். பங்குனியிலிருந்து வைகாசி வரை எந்த மேக்கப்பும் கம்பெனிக்காரன் சொல்கிற நேரத்துக்கு நிற்காது. அஸ்தம்பட்டியில் ஹெல்மெட் மாட்டினால் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டுவதற்குள் நெற்றியில் இருப்பது புருவத்துக்கு இறங்கிவிடும். ஹெல்மெட்டுக்குள் கன்னத்தை அழுத்துகிற பஞ்சு இருக்கிறதே, அதைப் பாருங்கள்: இரண்டு பக்கமும் என் கன்னத்தின் அளவுக்குப் பழுப்பாக ஒரு அச்சு, ஓரத்தில் வேர்வை உப்பு வெள்ளைக் கோடாக. பஞ்சைக் கழற்றித் துவைக்க முடிகிற ஹெல்மெட்டாக வாங்குங்கள். சட்டைக் காலரில் பட்டால் சோப்பு போட்டுத் தேய்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பாத்திரம் கழுவுகிற லிக்விடை இரண்டு சொட்டு விட்டுக் கசக்கி, கொஞ்ச நேரம் கழித்து அலசினால் போய்விடும்.

வெயிலை விடப் பெரிய எதிரி கர்சீப். நம் ஆட்களுக்கு முகம் துடைப்பது என்றால் நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் ஒரே இழுப்பு. காலையில் கால் மணி நேரம் செய்த வேலை அந்த ஓர் இழுப்பில் காலி. டிஷ்யூவை மடித்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. அந்தப் பழக்கம் கைக்கு வர வெகு நாளானது.

கன்சீலர் பற்றிச் சுருக்கமாக. ஸ்டிக் வேண்டாம், நம் ஊர் வெயிலில் பைக்குள்ளேயே உருகுகிறது. ட்யூபில் வருகிறது நல்லது. கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தில் நேராகத் தோல் நிற கன்சீலரைப் போட்டால் சாம்பல் பூத்துத் தெரியும். முதலில் கருமையை ஈடுகட்டுகிற ஆரஞ்சு நிற கரெக்டர் ஒரு பொட்டு, அதன் மேல் கன்சீலர். பெண்களுக்கான குறிப்புகளில் சொல்லாத விஷயம் தாடி. ஷேவ் செய்து ஒரு நாள் ஆன இடத்தில் கன்சீலர் போட்டால், மதியத்துக்குள் ஒவ்வொரு முடியின் அடியைச் சுற்றியும் பொடிப்பொடியாகத் திரண்டு நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். ஷேவ் செய்த உடனேயும் பூசக் கூடாது, எரியும். குளித்து, சாப்பிட்டு, கிளம்புகிற நேரத்தில்தான் எடுக்கிறேன். நெற்றியை விட்டுவிடுகிறேன். அங்கே எனக்குக் கறையும் இல்லை, பவுடர் போட்டு இறுக்கிய நெற்றியில் விபூதியும் நிற்பதில்லை.

காம்பாக்ட் பவுடரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அப்பாவிடம்தான் போய் நிற்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கடையில் கணக்கு எழுதியவர். குளித்துவிட்டு வந்து, உள்ளங்கையில் பவுடரைக் கொட்டி, இரண்டு கையாலும் தேய்த்து, முகம், கழுத்து, பிடரி என்று அப்பிக்கொண்டுதான் சட்டை போடுவார். காது மடலுக்குப் பின்னால் வெள்ளையாகத் திட்டு நிற்கும். அது குட்டிகுரா வாசமா கோகுல் சாண்டல் வாசமா என்பதை வைத்தே, மாதத்தின் முதல் வாரமா கடைசி வாரமா என்று சொல்லிவிடலாம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனால் ஸ்டுடியோவில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் இருக்கும். ஆண் பெண் எல்லோருக்கும் அதே டப்பாதான். அந்த வெள்ளைப் பவுடரை யாரும் மேக்கப் என்று சொன்னதில்லை. என்னுடைய பழுப்பு காம்பாக்டைப் பார்த்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, “இதென்னடா, பொம்பளைங்க போடுறது?” அப்போது அவர் முகத்தில் என்னுடையதை விட அதிகப் பூச்சு இருந்தது.

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நம் ஊரில் ஆண் முகத்தில் பூசலாம், வெள்ளையாக ஆவதற்காகப் பூசலாம். தன் நிறத்தையே பூசினால்தான் சிரிப்பு. ஃபேர் அண்ட் லவ்லி வந்தது 1975-ல். ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் 2005-ல் வந்தது. பெண்களுடையதை ஒளித்து வைத்துப் பூசாதே, உனக்கென்றே ஒன்று இருக்கிறது என்பதுதான் அப்போதைய விளம்பரத்தின் சாரம். 2020-ல் முதலாவதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. நான் தங்கிப் படித்த ஹாஸ்டலில் அந்த ட்யூப் இல்லாத அறை இல்லை. பசங்க கூச்சமே இல்லாமல் இரவல் வாங்குவார்கள். அதே பசங்களில் ஒருத்தன்தான் என் பையில் கன்சீலரைப் பார்த்துவிட்டு, “என்ன ஜி, சீரியல்ல சேர்ந்துட்டீங்களா?” என்று கேட்டான்.

சிரிப்போடு போனால் பரவாயில்லை. மெடிக்கல் கவுன்டரில் நிற்கிற வேலை என்பதால் இதைக் கண்ணால் பார்க்கிறேன். ‘வெள்ளையாகறதுக்கு ஒரு ட்யூப் குடுங்க’ என்று கேட்பவர்களில் கல்யாணம் நிச்சயமான பையன்கள் நிறைய. கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்பு நூலாகத் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் முன்பைவிட மோசமாகப் பரு கொட்டும். 2018-ல் மத்திய அரசு இந்த வகையில் 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நிலைமை. பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி 2023-ல் மலப்புரத்திலிருந்து வந்தது நினைவிருக்கலாம். இதை வாங்குகிற பையனுக்கு ஆண்மை குறைவதில்லை, ஒரு கன்சீலர் வாங்கினால் குறைந்துவிடுகிறது!

சேலத்துக்காரர்கள் ஆணுக்கு மேக்கப்பே ஆகாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆடித் திருவிழாவில் சேலத்தின் குகை பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? சாமி வேஷம் போட்டு வண்டியில் நிற்கிற ஆண்களுக்கு முகம் முழுக்கப் பூச்சு, கண்ணில் நீட்டி எழுதிய மை, உதட்டுச் சாயம், மூக்குத்தி. அம்மன் வேஷத்தில் நிற்பவருக்கு முன்னால் கூட்டம் கை கூப்புகிறது. அவர் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு அதைக் கலைத்துவிட்டுத் தறிக்கோ கடைக்கோ போவார். சுற்றுவட்டாரக் கிராமங்களில் கூத்துக் கட்டுகிற ஆண்கள் இரவெல்லாம் திரௌபதியாக நிற்கிறார்கள். ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வாசல் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் மேக்கப் போடாத கதாநாயகன் உண்டா? சாமிக்கும் கலைக்கும் ஆகும். திங்கட்கிழமை காலையில் டாக்டரைப் பார்க்கப் போகிறவனுக்குத்தான் ஆகாது.

அடுத்தவருக்கு மேக்கப் போட்டுவிடுகிற கை விஷயத்தில் கதை அப்படியே தலைகீழ். மும்பை சினிமா ஒப்பனைச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் அட்டையே கொடுக்கவில்லை. பெண் என்றால் தலை அலங்காரம் மட்டும்தான். சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்கு நடத்தி, 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கியது. வீட்டில் பூசிக்கொண்டால் அது பெண் சமாச்சாரம், சம்பளத்துக்குப் பூசிவிட்டால் ஆண் தொழில். என்ன கணக்கோ!

கடைக்கு வருவோம். முதல் காம்பாக்டைச் சின்னக் கடை வீதியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கினேன். “தங்கச்சிக்காங்க தம்பி?” “எனக்குத்தாங்கண்ணா.” அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷன். டப்பாவை மட்டும் நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பெரிய கடைகளில் வேறு தொல்லை: ‘ஃபார் மென்’ அலமாரிக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே எல்லாம் கறுப்பு டப்பா, நீல மூடி, ‘கூல்’, ‘பவர்’. பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் பக்கத்து அலமாரி டப்பாவோடு வைத்துப் படியுங்கள். நான் ஒப்பிட்டவற்றில் பெரும்பாலும் அதே சரக்கு, கூடவே மெந்தாலும் வாசனையும். ஷேவ் செய்த தோலுக்கு மெந்தால் எரிச்சல்தான். ஆண்களுக்கென்று வந்த ஒரு பி.பி. க்ரீமில், அதாவது லேசாக நிறம் கலந்த க்ரீமில், இருந்தது ஒரே ஒரு ஷேடு, அதுவும் என்னைவிட மூன்று படி வெளுப்பு. பெண்கள் பக்கத்திலும் கறுத்த ஷேடுகள் தாராளமாக வர ஆரம்பித்தது, 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 40 ஷேடுகளோடு இறங்கிய பிறகுதான். ஷேடு பார்க்கும்போது கையில் தடவாதீர்கள், தாடை ஓரத்தில் தடவுங்கள். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணெய் வடிகிற முகத்தில் ஒரு மணி நேரத்தில் நிறம் கறுக்கும்.

ஏற்காடு தனிக் கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால் வேர்வை நின்றுவிடும், மேக்கப் அப்படியே இருக்கும். அந்த ஜில்லிப்பை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மார்கழி, தையில் அங்கே காற்று தோலை உலர்த்திவிடும். பவுடர் மூக்கோரத்தில் செதில் செதிலாக எழும்பும். அந்த இரண்டு மாதமும் மலைக்குப் போகிற நாளில் காம்பாக்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, மாய்ஸ்சரைசருக்கு மேல் டின்டட் சன்ஸ்கிரீன் மட்டும்.

வீட்டில் இப்போது என் சன்ஸ்கிரீன் என் மனைவிக்கும் பொது. “ஏங்க, தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க” என்பதோடு சரி. அவள் பவுடர்கூடப் போடுவதில்லை. ‘பொண்டாட்டி சும்மா இருக்கா, இவன் பூசிட்டுத் திரியறான்’ என்று உறவில் பேச்சு உண்டு. அவளுக்கு அதில் கோபம் வருவது, தான் ஏன் பூசவில்லை என்று கேட்கிறார்களே என்பதற்குத்தான். டாக்டர்கள் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருவர் மட்டும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டார்.

செலவு: மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது. திரும்ப வாங்குவது சன்ஸ்கிரீனும் கன்சீலரும். காம்பாக்ட் தீர்ந்தால் யோசிப்பேன். மேக்கப் கலையாமல் நிற்க மேலே அடிக்கிற செட்டிங் ஸ்ப்ரே வாங்கவே வேண்டாம், சித்திரை வெயிலுக்கு முன்னால் அது வெறும் தண்ணீர்.

மச்சானுக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபத்து பியூட்டிஷியன் கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு ட்ரையல் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு முகூர்த்தத்தன்று காலையில் பத்து நிமிஷ டச்சப், அதுவும் பெண்ணுக்குக் கொண்டு வந்த ஷேடிலேயே. போட்டோவில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக விழுவது அதனால்தான். அவன் என்னைவிட இரண்டு படி கறுப்பு, என்னுடையது ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை பகலில் கடைக்குக் கூட்டிப் போகிறேன், ஷேவ் செய்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.