நானோலிட்டர் மாதிரிக்கு எந்தச் சுருள்: சுற்றியதா, அச்சிட்டதா?

வழக்கமான என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, மூலக்கூறின் அமைப்பை அறியும் முறை) ஆய்வில் 5 மில்லிமீட்டர் குழாயில் அரை மில்லிலிட்டர் கரைசலாவது வேண்டும். கையில் இருப்பது சில மைக்ரோகிராம்தான் என்றால், மாதிரியின் சிக்னலைப் பிடிக்கும் சுருளையே சிறிதாக்க வேண்டியதுதான். விட்டம் குறையக் குறைய, அதே மின்னோட்டத்துக்குச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலம் கூடும். சிக்னலைப் பிடிக்கும் திறனும் கூடவே உயரும்.

சரி, எந்த வடிவம்? நுண்குழாய் மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றினால், மாதிரி சுருளுக்கு உள்ளேயே அமர்ந்துவிடும். புலம் சீராக இருக்கும், சிக்னலும் வலுவாக வரும். ஆனால் கம்பி மாதிரியை ஒட்டியே இருக்கிறது. செம்பும் காற்றும் காந்தப்புலத்துக்கு வெவ்வேறாக இணங்குவதால் நிறமாலைக் கோடுகள் அகன்றுவிடும். 1995-இல் இலினாய் பல்கலைக்கழகக் குழு, செம்புக்கு இணையான காந்தத் தன்மை கொண்ட ஃபுளோரின் திரவத்தில் சுருளை மூழ்கடித்தது. 5 நானோலிட்டரிலேயே கூர்மையான கோடுகள் கிடைத்தன! இவ்வளவு எளிய தீர்வை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

தட்டைச் சுருளைக் கண்ணாடித் தகட்டில் ஒளி அச்சு முறையில் பொறிக்கிறார்கள். ஒன்றைப் போலவே பல சுருள்கள் ஒரே தகட்டில் கிடைக்கும், திரவம் ஓடும் நுண்கால்வாய்கள் கொண்ட சிப்போடும் எளிதில் சேரும். ஆனால் தகட்டை விட்டு விலக விலக அதன் புலம் வேகமாகக் குறையும்.

மாதிரி அரிது என்றால் நான் சுற்றிய சுருளையே எடுப்பேன். பல மாதிரிகளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால்தான் அச்சிட்டது.